லைப்ரரிகளோடு ஒரு ஜாவா டெஸ்க்டாப் மென்பொருளை இணையம் வழியே கொடுப்பது: முழுமையான வழிகாட்டி

ஸ்விங்கில் (ஜாவாவின் திரை அமைக்கும் தொகுப்பு) எழுதிய ஒரு பில்லிங் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். தரவுக்கு எஸ்கியூலைட், எக்செல் அறிக்கைக்கு அப்பாச்சி பிஓஐ. இரண்டும் வெளியிலிருந்து வரும் லைப்ரரிகள். வாங்குபவர் உங்கள் தளத்துக்கு வந்து, ஒரு ஃபைலை இறக்கி, இரண்டு முறை கிளிக் செய்தால் மென்பொருள் ஓட வேண்டும். அவர் கணினியில் ஜாவா இருக்கிறதா என்று அவரைக் கேட்கவே கூடாது.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் நேராக இன்ஸ்டாலர் செய்யும் இடத்துக்குப் போய்விடுகிறார்கள். அங்கே பிழை வந்தால் அது கோடில் இருந்து வந்ததா, லைப்ரரி விடுபட்டதா, இன்ஸ்டாலரின் கோளாறா என்று பிரிக்க முடியாது. கீழே உள்ள வரிசை அதற்காகத்தான். ஒரு படி தேறிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

கட்டளைகளையும் ஆப்ஷன்களையும் உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். நீளமான ஆப்ஷன்களுக்கு முன்னால் இரண்டு ஹைஃபன் வரும்.

1. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

ஜேடிகே 21, அதாவது ஜாவாவில் நிரல் எழுதுவதற்கான கருவித்தொகுப்பு. இன்ஸ்டாலர் செய்யும் ஜேபேக்கேஜ் கருவி அதோடு சேர்ந்தே வருகிறது. ஜேடிகே 14-இல் சோதனை நிலையில் நுழைந்து, 16-இல் முழுமையாகச் சேர்க்கப்பட்டது. அதற்கு முந்தைய ஜேடிகேயில் இந்த வழிகாட்டி உதவாது.

மேவன், அதாவது லைப்ரரிகளைத் தானே இறக்கி நிரலைக் கட்டித்தரும் கருவி. கிரேடில் பழகியவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம். எதுவாக இருந்தாலும், ஜார்களை (ஜாவா கிளாஸ்கள் அடங்கிய தொகுப்பு ஃபைல்கள்) கையால் இறக்கிச் சேர்க்கும் பழக்கத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். காரணம் 3-ஆம் படியில்.

விண்டோஸுக்கு விக்ஸ் டூல்செட், அதுவும் 3-ஆம் வரிசை. ஜேடிகே 21-இன் ஜேபேக்கேஜ், லைட், கேண்டில் என்ற இரண்டு விக்ஸ் நிரல்களைத் தேடும். புதியதுதானே நல்லது என்று விக்ஸ் 4 அல்லது 5 போட்டால் அவை இருக்காது, "விக்ஸ் கருவிகள் கிடைக்கவில்லை" என்று நின்றுவிடும். விக்ஸ் இருக்கும் ஃபோல்டரை பாத் மாறியில் சேர்த்த பிறகு டெர்மினலை மூடித் திறக்க மறக்காதீர்கள். இதில் அரை நாளைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எந்த இயங்குதளத்துக்குக் கொடுக்கிறீர்களோ, அந்த இயங்குதளக் கணினி ஒன்றும் வேண்டும். விண்டோஸில் உட்கார்ந்து மேக் இன்ஸ்டாலர் செய்ய ஜேபேக்கேஜ் விடாது. கையில் மேக் இல்லையென்றால் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் போன்ற சேவைகளில் மூன்று இயங்குதளங்களும் கிடைக்கும்.

2. ஃபைல் எங்கே எழுதப்படுகிறது என்று பாருங்கள்

பேக்கேஜிங்குக்கு முன்னால் கோடில் செய்ய வேண்டிய ஒரே பெரிய மாற்றம் இது. "டேட்டா.டிபி" என்று வெறும் பெயர் கொடுத்து ஃபைல் திறந்தால், ஜாவா அதை அந்த நேரத்து வேலை ஃபோல்டரில் தேடும். எக்ளிப்ஸ் போன்ற ஐடிஇயில் (கோடு எழுதும் மென்பொருளில்) ஓட்டும்போது அது புராஜெக்ட் ஃபோல்டர், அதனால் எல்லாம் சரியாக இருக்கும். இன்ஸ்டால் ஆன பிறகு அது எங்கே என்பது, எங்கிருந்து திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டர் என்றால், சாதாரணப் பயனருக்கு அங்கே எழுத உரிமையே கிடையாது.

ஒரு கடையில் இப்படித்தான் எனக்கு நேர்ந்தது. டெஸ்க்டாப் ஐகானில் திறந்தால் பழைய பில்கள் இருந்தன. வேறொரு ஃபோல்டரில் இருந்த ஷார்ட்கட்டில் திறந்தால் ஒரு பில்லும் இல்லை. "தம்பி, நேத்து போட்ட பில்லு எல்லாம் எங்க?" என்று கடைக்காரர் கேட்டபோது எனக்கு உடனே விளங்கவில்லை. அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று இரண்டு தரவுத்தள ஃபைல்கள் உருவாகியிருந்தன.

விண்டோஸில் ஆப்டேட்டா என்ற சூழல் மாறி காட்டும் இடத்தில் உங்கள் மென்பொருள் பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி, முழுப் பாதையோடு அங்கே எழுதுங்கள். லோகல் ஆப்டேட்டா வேண்டாம். 6-ஆம் படியில் மென்பொருளே அங்கேதான் இன்ஸ்டால் ஆகப்போகிறது. தரவும் நிரலும் ஒரே ஃபோல்டரில் இருந்தால், அப்டேட் அன்றைக்கு எது அழியும் என்று உறுதி சொல்ல முடியாது.

ஐகான், அறிக்கை மாதிரி போன்ற படிக்க மட்டுமான ஃபைல்களை ஜாருக்குள் ரிசோர்ஸாக வைத்து, கெட்ரிசோர்ஸ்அஸ்ஸ்ட்ரீம் மூலம் படியுங்கள். பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்கவும். விண்டோஸ் டிஸ்க்கில் அது பொருட்டில்லை, ஜாருக்குள் பொருட்டு.

இதோடு சேர்த்து, பிடிபடாத பிழைகளை ஒரு லாக் ஃபைலில் எழுதும் ஹேண்ட்லரையும் மெயினின் முதல் வரியில் போட்டுவிடுங்கள். ஸ்விங்கில் ஒரு பட்டனை அழுத்தும்போது வரும் பிழை கன்சோலுக்குத்தான் போகும். இன்ஸ்டால் ஆன மென்பொருளுக்குக் கன்சோல் கிடையாது. பட்டன் அமுங்கும், எதுவும் நடக்காது, அவ்வளவுதான்.

3. லைப்ரரிகளை ஒரே ஃபோல்டரில் சேருங்கள்

எக்செல் எழுத "பிஓஐ-ஊக்ஸ்எம்எல்" என்ற ஒரு ஜார் போதும் என்று நினைப்போம். அதற்கு பிஓஐ வேண்டும், அதன் லைட் ஸ்கீமா ஜார் வேண்டும், எக்ஸ்எம்எல்பீன்ஸ் வேண்டும், காமன்ஸ் கம்ப்ரெஸ், காமன்ஸ் ஐஓ, காமன்ஸ் கலெக்‌ஷன்ஸ், லாக்4ஜே ஏபிஐ என்று வரிசை நீளும். ஒன்றைக் கூப்பிட்டால் பத்து பேர் பின்னால் வருவார்கள். கையால் சேர்த்தால் ஒன்றாவது விடுபடும்.

மேவனின் டிபெண்டன்சி பிளகினில் காப்பி-டிபெண்டன்சிஸ் என்ற வேலை இருக்கிறது. அதைப் பேக்கேஜ் கட்டத்தோடு இணைத்து, ஸ்கோப்பை ரன்டைம் என்று வையுங்கள். அப்படி வைக்காவிட்டால் ஜேயூனிட் என்ற சோதனை லைப்ரரியும் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகும். வெளியே வரும் ஜார்களுக்கென்று "பொதி" என்ற பொருளில் ஒரு தனி ஃபோல்டர் கொடுத்து, உங்கள் சொந்த ஜாரையும் அதே ஃபோல்டரில் போடுங்கள். உள்ளே துணை ஃபோல்டர் வேண்டாம்.

அடுத்து மேவன் ஜார் பிளகின். மேனிஃபெஸ்ட் (ஜாரைப் பற்றிய விவரக் குறிப்பு ஃபைல்) பகுதியில் ஆட்-கிளாஸ்பாத்தை ட்ரூ ஆக்கி, மெயின் கிளாஸின் முழுப் பெயரைக் கொடுங்கள். மேவன் எல்லா ஜார் பெயர்களையும் கிளாஸ்-பாத் (ஜாவா கிளாஸ்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) வரியில் தானே எழுதிவிடும். மேனிஃபெஸ்டைக் கையால் எழுதப் போனால் ஒரு வரிக்கு 72 பைட்தான், மீதி அடுத்த வரியில் ஒரு இடைவெளி விட்டுத் தொடர வேண்டும், கடைசி வரிக்குப் பின் ஒரு என்டர் இருக்க வேண்டும். அந்த என்டர் இல்லாவிட்டால் கடைசி வரியையே ஜாவா கண்டுகொள்ளாது. இந்தத் தலைவலி நமக்கு எதற்கு?

4. எல்லாவற்றையும் ஒரே ஜாராகப் பிசையலாமா?

முடியும், அதற்கு மேவனில் ஷேட் பிளகின் இருக்கிறது. நான் செய்வதில்லை. எப்படியும் இன்ஸ்டாலர் கொடுக்கப் போகிறோம், உள்ளே ஒரு ஜார் இருந்தாலும் பதினைந்து இருந்தாலும் பயனருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் பிசைவதில் இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன.

முதலாவது, கையொப்பம் இட்ட லைப்ரரி. பவுன்ஸி காஸில் போன்ற ஜார்களில் மெட்டா-இன்ஃப் ஃபோல்டருக்குள் கையொப்ப ஃபைல்கள் இருக்கும். அவை உங்கள் பெரிய ஜாருக்குள் அப்படியே வந்தால் "இன்வேலிட் சிக்னேச்சர் ஃபைல் டைஜஸ்ட்" என்று திறக்கவே மறுக்கும். எஸ்எஃப், டிஎஸ்ஏ, ஆர்எஸ்ஏ என்று முடியும் அந்த ஃபைல்களை ஷேட் அமைப்பில் விலக்க வேண்டும்.

இரண்டாவது, சர்வீசஸ் ஃபோல்டர். தரவுத்தள டிரைவர்கள் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்வது அங்கே இருக்கும் ஒரு சின்ன ஃபைல் மூலம்தான். இரண்டு லைப்ரரிகளில் ஒரே பெயரில் அந்த ஃபைல் இருந்தால் ஒன்று மற்றொன்றை மிதித்துவிடும். "நோ சூட்டபிள் டிரைவர்" என்ற பிழை வரும், ஜாருக்குள் பார்த்தால் டிரைவர் கிளாஸ் பத்திரமாக இருக்கும். ஷேடில் சர்வீசஸ் ரிசோர்ஸ் டிரான்ஸ்ஃபார்மரைச் சேர்த்தால் இரண்டையும் இணைத்து எழுதும்.

5. ஐடிஇயை மூடிவிட்டு ஓட்டுங்கள்

பொதி ஃபோல்டரை மட்டும் வேறு டிரைவுக்குக் காப்பி செய்யுங்கள். கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, ஜாவா என்று எழுதி, ஹைஃபன் ஜார் போட்டு, உங்கள் ஜார் பெயரைக் கொடுத்து ஓட்டுங்கள். இரட்டைக் கிளிக் இப்போது வேண்டாம், பிழைச் செய்தி கண்ணில் படாது.

"நோ மெயின் மேனிஃபெஸ்ட் ஆட்ரிப்யூட்" என்று வந்தால் மேனிஃபெஸ்டில் மெயின் கிளாஸ் பதிவாகவில்லை.

"நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர்" என்றால் ஒரு ஜார் விடுபட்டிருக்கிறது. பலர் இந்த இடத்தில் ஹைஃபன் சிபி என்று கிளாஸ்பாத்தையும் கட்டளையில் சேர்த்துப் பார்ப்பார்கள். ஹைஃபன் ஜார் இருக்கும்போது ஜாவா அதைக் கண்டுகொள்வதே இல்லை, மேனிஃபெஸ்டை மட்டும்தான் பார்க்கும்.

"நோசச்மெத்தட்எரர்" என்றால் ஒரே லைப்ரரியின் பொருந்தாத வெர்ஷன் வந்துவிட்டது. மேவனின் டிபெண்டன்சி ட்ரீ கட்டளை யார் எதை இழுத்து வந்தார்கள் என்று காட்டும்.

"அன்சப்போர்ட்டட்கிளாஸ்வெர்ஷன்எரர்" வந்தால் அதில் உள்ள எண்களைப் பாருங்கள். 52 என்றால் ஜாவா 8, 55 என்றால் 11, 61 என்றால் 17, 65 என்றால் 21. கணினியில் இரண்டு ஜாவா இருந்து, பழையது பாத்தில் முன்னால் நிற்கிறது என்பதே பெரும்பாலும் காரணம்.

ஸ்விங்குக்குப் பதில் ஜாவாஎஃப்எக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு "ரன்டைம் காம்பொனன்ட்ஸ் ஆர் மிஸ்ஸிங்" என்று வரும். ஜார்கள் எல்லாம் இருந்தும் வரும். மெயின் கிளாஸ் நேரடியாக அப்ளிகேஷன் கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்திருந்தால், கிளாஸ்பாத்தில் வைத்து ஓட்ட ஜாவா மறுக்கிறது. எதையும் எக்ஸ்டெண்ட் செய்யாத ஒரு லாஞ்சர் கிளாஸ் எழுதி, அதிலிருந்து உண்மையான மெயினைக் கூப்பிட்டால் போதும்.

திரை திறந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். ஜாவா ஒரு கிளாஸைத் தேவைப்படும்போதுதான் ஏற்றும். பில் போடும் திரை அழகாக வேலை செய்யும், மாதக் கடைசியில் எக்செல் பட்டனை அழுத்தும்போதுதான் காமன்ஸ் கம்ப்ரெஸ் இல்லை என்று தெரியவரும். ஒவ்வொரு மெனுவையும் ஒரு முறை அழுத்திப் பாருங்கள்.

6. இன்ஸ்டாலரை இரண்டு கட்டமாகச் செய்யுங்கள்

முதல் கட்டத்தில் ஜேபேக்கேஜின் டைப் என்ற ஆப்ஷனுக்கு ஆப்-இமேஜ் என்று கொடுங்கள். இன்புட் என்பதற்குப் பொதி ஃபோல்டர், மெயின்-ஜார் என்பதற்கு உங்கள் ஜார், நேம், ஆப்-வெர்ஷன், ஐகான், டெஸ்ட் (டெஸ்டினேஷன், அதாவது வெளியீடு போய்ச்சேரும் ஃபோல்டர்). விண்டோஸ் ஐகான் ஐசிஓ வடிவில் இருக்க வேண்டும். மேக்கில் வெர்ஷனின் முதல் எண் பூஜ்ஜியமாக இருக்கக் கூடாது. அதனால் எல்லா இடத்துக்கும் 1.0.0 என்றே தொடங்கிவிடுவது நல்லது.

இன்புட்டுக்கு மேவனின் டார்கெட் ஃபோல்டரை அப்படியே கொடுப்பது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. ஜேபேக்கேஜ் அந்த ஃபோல்டரில் இருப்பது அத்தனையையும் உள்ளே அள்ளிப் போடும். சோதனைக் கிளாஸ்கள், போன முறை செய்த இன்ஸ்டாலர், எல்லாம். ஒவ்வொரு பில்டுக்கும் இன்ஸ்டாலர் ஏன் பெருத்துக்கொண்டே போகிறது என்று கேட்டு வந்தவரின் கட்டளையை வாங்கிப் பார்த்தேன், வெளியீட்டு ஃபோல்டர் இன்புட் ஃபோல்டருக்குள்ளேயே இருந்தது.

இந்தக் கட்டத்தில் கிடைப்பது ஒரு ஃபோல்டர். அதற்குள் ஒரு இஎக்ஸ்இ, ஆப் என்ற ஃபோல்டரில் உங்கள் ஜார்கள், ரன்டைம் என்ற ஃபோல்டரில் ஜாவா. இஎக்ஸ்இயைக் கிளிக் செய்து பாருங்கள். சத்தமில்லாமல் மூடிக்கொண்டால் வின்-கன்சோல் ஆப்ஷனைச் சேர்த்து மறுபடி செய்யுங்கள், கறுப்புத் திரையில் பிழை தெரியும். வெளியீட்டுக்கு முன் அதை எடுத்துவிட மறக்காதீர்கள். பில்லுக்குப் பின்னால் கறுப்புத் திரை நின்றால் வாடிக்கையாளர் வைரஸ் என்று நினைப்பார்.

இரண்டாம் கட்டத்தில் டைப் எம்எஸ்ஐ அல்லது இஎக்ஸ்இ, ஆப்-இமேஜ் என்பதற்கு முதல் கட்டத்தில் வந்த ஃபோல்டர். வின்-மெனு, வின்-ஷார்ட்கட் இரண்டையும் சேருங்கள். இல்லையென்றால் இன்ஸ்டால் ஆகும், ஆனால் எங்கே போனது என்று தெரியாது. வின்-பெர்-யூசர்-இன்ஸ்டால் சேர்த்தால் அட்மின் பாஸ்வேர்ட் கேட்காமல் பயனரின் லோகல் ஆப்டேட்டாவில் இன்ஸ்டால் ஆகும். அலுவலகக் கணினிகளுக்கு இதுவே வசதி.

வின்-அப்கிரேட்-யூயூஐடி என்ற ஆப்ஷனையும் முதல் வெளியீட்டிலேயே வையுங்கள். ஒரு யூயூஐடி (வேறெதற்கும் வராத தனி அடையாள எண்) உருவாக்கி, பில்ட் ஸ்கிரிப்டில் எழுதி, அதன் பிறகு தொடவே தொடாதீர்கள். புதிய இன்ஸ்டாலர் பழையதை அடையாளம் கண்டு நீக்குவது இதை வைத்துத்தான். பின்னொரு நாள் மென்பொருளின் பெயரை மாற்றினாலும் பழையதும் புதியதும் அருகருகே நிற்காது.

7. ரன்டைமைச் சுருக்குவது

முதல் வெளியீட்டில் இந்தப் படியைத் தாண்டிப் போங்கள். எதுவும் சொல்லாவிட்டால் ஜேபேக்கேஜ் ஜாவாவின் பெரும்பாலான மாட்யூல்களையும் (ஜாவாவைப் பிரித்து வைத்திருக்கும் பகுதிகள்) உள்ளே வைத்துவிடும். அளவு பெருக்கும், ஆனால் கோடு நேராகக் கூப்பிடுவது விடுபடாது; கீழே வரும் இரண்டைப் போல ஓடும்போது மட்டும் தேடப்படும் சில மாட்யூல்கள் இதிலும் விடுபடலாம். எல்லாம் ஓடிய பிறகு இளைக்க வையுங்கள்.

எந்த மாட்யூல்கள் தேவை என்று காட்டும் ஜேடெப்ஸ் கருவியில் பிரிண்ட்-மாட்யூல்-டெப்ஸ், இக்னோர்-மிஸ்ஸிங்-டெப்ஸ் இரண்டையும் கொடுத்து, எல்லா ஜார்களையும் காட்டினால் காற்புள்ளி இட்ட ஒரு பட்டியல் வரும். அதை ஜேபேக்கேஜின் ஆட்-மாட்யூல்ஸ் ஆப்ஷனில் ஒட்டலாம். உங்கள் ஜாரை மட்டும் காட்டிவிட்டு லைப்ரரிகளை விட்டால் பட்டியல் பாதிதான் வரும்.

முழுப் பட்டியலிலும் சில விடுபடும். ஜேடெப்ஸ் கோடில் நேராக எழுதப்பட்டதைத்தான் பார்க்கும், ஓடும்போது பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதை அறியாது. ஜேடிகே 21-இல் ஜேடிகே.கிரிப்டோ.இசி மாட்யூலைக் கையால் சேருங்கள். அது இல்லாவிட்டால் பல எச்டிடிபிஎஸ் தளங்களோடு ஹேண்ட்ஷேக் தோற்கும். 22-இலிருந்து அது அடிப்படை மாட்யூலுக்குள் போய்விட்டது.

இன்னொன்று நமக்கே உரியது. தேதியையும் மாதப் பெயரையும் தமிழில் காட்டுகிறீர்கள் என்றால் ஜேடிகே.லோகேல்டேட்டா கட்டாயம் வேண்டும். விடுபட்டால் பிழை எதுவும் வராது, "ஜனவரி" இருந்த இடத்தில் ஆங்கிலப் பெயர் வந்து நிற்கும். நான் இதை ஒரு ரசீதின் பிரிண்ட்டில்தான் கண்டுபிடித்தேன்.

8. ஜாவா இல்லாத கணினியில் சோதனை

உங்கள் கணினியில் எத்தனை முறை ஓடினாலும் அது சாட்சியாகாது. அங்கே ஜாவா இருக்கிறது, மேவன் சேர்த்துவைத்த ஜார்கள் இருக்கின்றன, போன வாரம் உருவான தரவுத்தளமும் இருக்கிறது.

விண்டோஸ் 10 அல்லது 11 புரோ இருந்தால் விண்டோஸ் சேண்ட்பாக்ஸைத் திறந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் துடைத்து வைத்தது போல் ஒரு விண்டோஸ் கிடைக்கும். ஹோம் பதிப்பில் அது கிடையாது, வர்ச்சுவல்பாக்ஸ் போதும். பெயரில் இடைவெளி உள்ள ஒரு பயனர் கணக்கு, முடிந்தால் தமிழில் பெயர் வைத்த ஒன்று, இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள். எஸ்கியூலைட் ஜேடிபிசி தன் டிஎல்எல் ஃபைலை ஓடும்போது டெம்ப் ஃபோல்டரில் பிரித்துப் போட்டுத்தான் ஏற்றும். டெம்பிலிருந்து எதையும் ஓடவிடாத அலுவலகக் கணினிகளில் அது அங்கேயே நின்றுவிடும். ஆர்க்.எஸ்கியூலைட்.டெம்ப்டிர் என்ற சிஸ்டம் பிராப்பர்ட்டி மூலம் வேறு ஃபோல்டரைக் காட்டலாம்.

9. கையொப்பம், அதன் வரிசை

கையொப்பம் இல்லாத இன்ஸ்டாலரை இறக்கித் திறந்தால் விண்டோஸின் பாதுகாப்பு வசதியான ஸ்மார்ட்ஸ்கிரீனின் நீலப் பெட்டி வரும். "மோர் இன்ஃபோ" அழுத்தினால்தான் "ரன் எனிவே" தெரியும். நான்கு தெரிந்த கடைகளுக்கு என்றால் ஒரு படம் எடுத்துத் தளத்தில் விளக்கிவிடலாம். பொதுவெளிக்கு என்றால் கோட் சைனிங் சான்றிதழ் வாங்குங்கள். 2023 ஜூன் முதல் அதன் சாவியை வன்பொருள் டோக்கனிலோ அதற்கு இணையான கிளவுட் பெட்டகத்திலோதான் வைக்க முடியும். வெறும் ஃபைலாகத் தருவதில்லை. பில்ட் சர்வரில் தானாகக் கையொப்பமிடத் திட்டமிட்டிருந்தால் வாங்கும் முன்பே இதை யோசியுங்கள்.

முதலில் ஆப்-இமேஜுக்குள் இருக்கும் இஎக்ஸ்இக்குக் கையொப்பம், பிறகு அதை வைத்து இன்ஸ்டாலர், பிறகு இன்ஸ்டாலருக்குக் கையொப்பம். 6-ஆம் படியை இரண்டாகப் பிரித்தது இதற்காகத்தான். உள்ளே இருக்கும் இஎக்ஸ்இ ரீட்-ஒன்லியாக இருந்தால் சைன்டூல் என்ற கையொப்பக் கருவி அனுமதி இல்லை என்று சொல்லும், அந்த அடையாளத்தை எடுத்துவிடுங்கள். டைம்ஸ்டாம்ப் சர்வர் முகவரியையும் கொடுங்கள். கொடுக்காவிட்டால் சான்றிதழ் காலாவதியாகும் நாளில் பழைய இன்ஸ்டாலர்களின் கையொப்பமும் செல்லாமல் போகும்.

மேக் தனிக் கதை. ஆப்பிள் டெவலப்பர் கணக்கு ஆண்டுக்கு 99 டாலர், அதன் மேல் நோட்டரைசேஷன், அதாவது மென்பொருளை ஆப்பிளின் சோதனைக்கு அனுப்பி ஒப்புதல் பெறுவது. எஸ்கியூலைட் போன்ற ஜார்களுக்குள் இருக்கும் மேக் நேட்டிவ் ஃபைல்களையும் வெளியே எடுத்துக் கையொப்பமிட்டு மறுபடி உள்ளே வைக்க வேண்டும்.

10. சர்வரில் ஏற்றுவது

கையொப்பம் எல்லாம் முடிந்த பிறகு எஸ்எச்ஏ-256 எண்ணை (ஃபைல் மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்க உதவுவது) கணக்கிடுங்கள். முன்பே எடுத்தால் பொருந்தாது, கையொப்பம் ஃபைலை மாற்றிவிடுகிறது.

ஃபைல் பெயரில் வெர்ஷன் எண் இருக்கட்டும். ஒரே பெயரில் மேலே மேலே ஏற்றினால் நடுவில் இருக்கும் கேஷ் பழைய ஃபைலையே கொடுக்கும், நீங்கள் சரிசெய்த பிழை சரியாகவில்லை என்று போன் வரும். எஃப்டிபியில் ஏற்றுபவர்கள் பைனரி முறையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆஸ்கி முறையில் போனால் ஃபைல் உள்ளுக்குள் சிதைந்துவிடும். ஏற்றிய பிறகு பொதுத்தளத்திலிருந்து நீங்களே ஒரு முறை இறக்கி, செர்ட்யூடில் கட்டளையின் ஹாஷ்ஃபைல் ஆப்ஷனால் எண்ணை ஒப்பிடுங்கள்.

11. அடுத்த வெர்ஷன்

ஜேபேக்கேஜில் தானாகப் புதுப்பிக்கும் வசதி கிடையாது. சர்வரில் நடப்பு வெர்ஷன் எண் மட்டும் எழுதிய ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் வையுங்கள். மென்பொருள் திறக்கும்போது அதைப் பின்னணி திரெட்டில் படித்து, புதியது இருந்தால் இறக்கும் பக்கத்தின் இணைப்பைக் காட்டட்டும். ஐந்து நொடி டைம்அவுட் போதும். இணைப்பு இல்லையென்றால் பேசாமல் விட்டுவிட வேண்டும், நெட் இல்லை என்பதற்காக பில் போட முடியாமல் போகக் கூடாது. வெர்ஷனை எழுத்தாக ஒப்பிடாதீர்கள். எழுத்து வரிசையில் 1.10 என்பது 1.9-க்கு முன்னால் வரும். புள்ளியில் பிரித்து எண்ணாக ஒப்பிடுங்கள்.

வெர்ஷனை ஏற்றாமல் மறுபடி பில்ட் செய்து கொடுத்தால், ஏற்கெனவே இன்ஸ்டால் ஆன கணினியில் இன்ஸ்டாலர் புதியதைப் போடாமலே நின்றுவிடலாம். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினாலும் எண்ணை ஏற்றுங்கள்.

12. இன்னும் ஜேஎன்எல்பி வைத்திருப்பவர்களுக்கு

ஜேஎன்எல்பி என்ற ஃபைல் மூலம் ஜாவா மென்பொருளை இணையத்திலிருந்து நேராக ஓட்டிய ஜாவா வெப் ஸ்டார்ட், ஜாவா 9-இல் கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டு, 2018-இல் வந்த ஜாவா 11-இல் நீக்கப்பட்டது. புதிதாக யாரும் இதில் இறங்க வேண்டாம். ஜாவா 8 கட்டாயம் என்ற இடங்களில் மாட்டிக்கொண்டிருந்தால், லைப்ரரிகள் தொடர்பாக மூன்று விஷயங்கள் போதும்.

ஒரு ஜேஎன்எல்பியின் ரிசோர்சஸ் பகுதியில் உள்ள எல்லா ஜார்களும் ஒரே சான்றிதழால் கையொப்பமிடப்பட்டிருக்க வேண்டும். வேறு நிறுவனத்தின் கையொப்பத்தோடு வரும் லைப்ரரியை, தனி ஜேஎன்எல்பியில் வைத்து எக்ஸ்டென்ஷனாக இணையுங்கள். உங்கள் ஜாரின் மேனிஃபெஸ்டில் பர்மிஷன்ஸ் வரி இருக்கட்டும், 2014 ஜனவரியில் வந்த ஜாவா 7 அப்டேட் 51 முதல் அது கட்டாயம். சர்வரில் ஜேஎன்எல்பி வகை பதிவாகவில்லை என்றால் பிரவுசர் அதை இயக்காமல் எக்ஸ்எம்எல் எழுத்தாகக் காட்டிவிடும், வகைப் பெயரை சர்வர் அமைப்பில் சேர்க்க வேண்டும்.

இருக்கும் ஜேஎன்எல்பியை மாற்றாமல் புதிய ஜாவாவில் ஓட்ட ஓப்பன்வெப்ஸ்டார்ட் இருக்கிறது. ஆனால் அதையும் பயனர் கணினியில் முதலில் இன்ஸ்டால் செய்ய வேண்டும்.